மாப்பிள்ளையின் சொந்தக் கார்

என் கல்யாணத்துக்குத் தரகர் கொண்டுவந்த நல்ல சேதிகளில் ஒன்று, மாப்பிள்ளைக்குச் சொந்தக் கார் இருக்கிறது என்பது. துறைமுக ஆபீசில் கிராணி வேலை, ஜெலுத்தோங்கில் வீடு, ஒரே பிள்ளை, கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. கூடவே கார். என் அப்பா ஆயுள் முழுக்க பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தவர். மற்றதெல்லாம் அவர் காதில் விழுந்ததோ என்னவோ, கார் மட்டும் நன்றாக விழுந்துவிட்டது. சொந்தக்காரர் வீடுகளில் அதைத்தான் முதலில் சொன்னார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வந்து இறங்கியது ஒரு நண்பரின் வேனில். கார் எங்கே என்று யாரோ கேட்டதற்கு, சர்வீசுக்கு விட்டிருப்பதாக அவருடைய அம்மா சொன்னாராம். மறுநாள் காலையில் நான் கோப்பி டம்ளருடன் வாசல் பக்கம் வந்தபோதுதான் அதைப் பார்த்தேன். போர்ட்டிகோவில், நான்கு செங்கல் அடுக்குகளின் மேல், சக்கரம் இல்லாமல் நின்றது. மூன்று கதவுள்ள சின்ன ஜப்பான் கார். முன் கண்ணாடி கிடையாது. பானட்டைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார்கள். அதன் மேல் அத்தை மிளகாய் காயப் போட்டிருந்தார்.

என் பின்னால் வந்து நின்ற கணவரிடம், "இதுதானா?" என்று கேட்டேன்.

"ஓடும் லா," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இஞ்சின்தான் இப்போதைக்கு வெளிய இருக்கு," என்று சேர்த்துக்கொண்டார்.

இஞ்சின் சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில், அரிசி டின்னுக்கு அருகே, பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. நான் பாயான் லெப்பாசில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தேன். ஓடாத சாமான்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். பழுதான ஒன்று கண்ணில் பட்டால், எங்கே பழுது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

என் கணவர் அதிகம் பேசமாட்டார். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால் குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை, மழையைப் பற்றி ஒரு வார்த்தை, அத்தோடு சரி. ஆனால் காருக்கு அடியில் படுத்துவிட்டால் வேறு மனிதர். அங்கிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும். இந்தக் கார் ஏன் அப்படி ஒரு கார் என்று அங்கிருந்துதான் எனக்குச் சொன்னார். எடையே இல்லையாம். பின்சக்கரம் தள்ளிக்கொண்டு போகுமாம். வளைவுச் சடக்கில் விட்டால் பெரிய கார்களெல்லாம் பின்தங்கிவிடுமாம். புருஷனோடு பேச வேண்டுமென்றால் தரையில் உட்கார வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. முதலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பிறகு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து நானும் ஒரு அட்டையை விரித்து அவர் பக்கத்தில் படுத்துவிட்டேன். புதுப்பெண் இப்படிக் கிடக்கிறாளே என்று அத்தை அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தது எங்கள் காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அதற்கே போயின. தரைத் தகட்டில் துரு பிடித்து, ஓட்டுநர் கால் வைக்கிற இடத்தில் சிமெண்டுத் தரை தெரிந்தது. அதை அறுத்தெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். கதவின் அடிவிளிம்பை விரலால் அழுத்தினால் பிஸ்கட்டு மாதிரி நொறுங்கியது. தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கை காய்த்துப்போனது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவருடைய எண்ணம், கார் தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே திரும்பி வர வேண்டும் என்பது. கடிகார முள், கதவுப் பிடி, ஆணி, எதுவும் மாறக்கூடாது.

பிறகு இஞ்சினை வர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார். போனது போனபடியே திரும்பி வந்தது. இஞ்சினின் இரும்புக்கூடான பிளாக்கிலேயே விரிசல். சரிபண்ண முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை அவர் காரின் மேல் தார்பாயைப் போட்டு மூடினார். அதன்பின் பல ஞாயிற்றுக்கிழமைகள் அதை எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். வீட்டில் பேச்சும் நின்றுபோனது. அத்தையே பொறுக்க முடியாமல், அந்தத் தரித்திரத்தை ஏதாவது பண்ணித் தொலைங்களேன் என்று என்னிடம் வந்து முறையிட்டார்.

அந்தக் காலத்தில் ஜப்பானில் கழித்துவிட்ட கார்களைக் குறுக்காக அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலில் கொண்டுவந்து விற்பார்கள். ஹாஃப் கட் என்று பெயர். ஜுரு பக்கம் அப்படிப்பட்ட கடைகள் வரிசையாக இருந்தன. அவர் வேலை செய்த துறைமுகத்தில்தான் அவை வந்து இறங்கின. எங்கள் காரைச் செய்த கம்பெனியின் பெரிய காரிலிருந்து, இதைவிட இரண்டு மடங்கு சக்தியுள்ள இஞ்சினைத் தூக்கி இதில் வைக்கலாம், பலபேர் வைத்திருக்கிறார்கள் என்று என் வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். அதைக் கணவரிடம் சொன்னேன்.

பேப்பரை மடித்து வைத்தார். "அது வேற காடியோட இஞ்சின். அதப் போட்டா இது இந்தக் காடியா இருக்காது."

"இப்ப மட்டும் இது காடியாவா இருக்கு? அத்தை மொளகா காயப் போடுற மேடையாதானே இருக்கு."

அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

அடுத்த சனிக்கிழமை தீவிலிருந்து பாலத்தைத் தாண்டி ஜுருவுக்குப் போனோம். கடை முழுக்க பாதிக் கார்கள், கசாப்புக் கடையில் தொங்குவது போல. கடை முதலாளியான சீனத் தவுக்கே என்னைப் பார்த்து, தங்கச்சி, உள்ளே எண்ணெயாக இருக்கும், வெளியே உட்காருங்கள் என்று மலாயில் சொன்னார். உட்காரவில்லை. என் கணவர் ஒரு இஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார். எண்ணெய் மூடியைத் திறந்து முகர்ந்தார். கையால் ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒயர் எல்லாத்தையும் உன்னால பாத்துக்க முடியுமா என்று மெல்லக் கேட்டார். இஞ்சினுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, அதிலிருந்து தலைமுடிக் கற்றை போல ஒயர்கள், நடுவில் வெட்டப்பட்டுத் தொங்கின. பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொல்லும்போது எனக்கே நிச்சயமில்லை.

அவர் இஞ்சினை உட்கார வைத்தார். பெரிய ரேடியேட்டருக்காக முன்தகட்டை வெட்டினார். அகலச் சக்கரம், பெரிய பிரேக் எல்லாம் வந்தன. ஒரிஜினல் என்ற பேச்சை அவரே விட்டுவிட்டார். இன்னும் என்ன மாற்றலாம் என்று என்னைவிட வேகமாகக் கிளம்பினார். நான் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராகத் தேடினேன். எதற்கு எது என்று சொல்லும் படம் எதுவும் இல்லை. முதல் முறை பேட்டரி கொடுத்தபோது, பிரேக்கை மிதித்தால் ஹார்ன் அடித்தது. அத்தை பூசை அறையிலிருந்து ஓடிவந்து, யார் வந்திருக்கா என்று கேட்டார். அதைச் சரிபண்ணிய பிறகு, எத்தனை தடவை சாவியைத் திருகினாலும் இஞ்சின் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. பெட்ரோல் வருகிறது. கம்ப்யூட்டருக்குக் கரண்டும் வருகிறது. ஸ்பார்க் மட்டும் இல்லை.

இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் மீட்டரின் ஒரு முனையைக் காரின் உடம்பில் வைத்தபோது விஷயம் புரிந்தது. எர்த் ஒயரை நான் சரியாகத்தான் முடுக்கியிருந்தேன், ஆனால் அவர் பளபளவென்று அடித்திருந்த புதுப் பெயிண்டின் மேல். பெயிண்ட் கரண்டை விடாது. உப்புத்தாளை எடுத்து அந்த இடத்தைத் தேய்த்தேன். தன் பெயிண்டைச் சுரண்டுவதை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்.

"இப்ப திருகுங்க," என்றேன்.

திருகினார். போர்ட்டிகோவே அதிர்ந்தது. பக்கத்து வீட்டு நாய்கள் குரைத்தன. அத்தை கரண்டியோடு வந்து நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். என் கணவர் வண்டியை நிறுத்தவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இஞ்சின் மாற்றியதால் அரசாங்கப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. முதல் தடவை, சத்தம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். சைலன்சரை மாற்றி மறுபடி போய்ச் சீட்டு வாங்கினோம். அதற்குப் பிறகுதான் ஒரு வேடிக்கை தெரிந்தது. இத்தனையும் செய்த மனிதருக்குக் காரை ஓட்டப் பயம். குழியைக் கண்டால் நிறுத்துவார். மழை தூறினால் வீட்டுக்குத் திரும்புவார். மோட்டார் சைக்கிளெல்லாம் எங்களை முந்திக்கொண்டு போகும். கீறல் விழுந்துவிடுமாம்.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, எங்கேயாவது போகலாம் என்றார். டுரியான் பழக் காலம். தெலுக் பஹாங் வழியாக மலைமேல் ஏறி பாலிக் பூலாவுக்குப் போவதென்று முடிவானது. நான் ஓட்டுகிறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டேன். அப்பாவை முன்னால் உட்கார வைத்துவிட்டு என் கணவர் பின் சீட்டில் மடங்கி உட்கார்ந்தார்.

மலைச் சடக்கு வளைந்து வளைந்து ஏறும். முதல் வளைவில் அப்பா டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போகச் சொன்னார். இரண்டாவது வளைவிலும் அதையே சொன்னார். மூன்றாவதில் டாஷ்போர்டிலிருந்து கையை எடுத்தார். ஒரு லாரிக்குப் பின்னால் நான் வேகத்தைக் குறைத்தபோது, "ஏன்மா, முந்த முடியாதா?" என்று கேட்டார்.

பாலிக் பூலாவில் தின்று முடித்து, ஒரு கோணிப் பழமும் வாங்கிக் காரில் ஏறினால், கிளட்ச் பெடல் காலோடு கீழே போய்விட்டது. கேபிள் அறுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கார் பட்டறை எதுவும் திறந்திருக்காது. காரை அங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் போகலாம் என்றார் அப்பா. என் கணவர் குனிந்து பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு சொன்னார். "கிளட்ச் இல்லாம ஓட்டலாம். இஞ்சின் சத்தமும் கியரும் ஒன்னா சேரணும். எப்ப மாத்தறதுன்னு நான் சொல்றேன். நீ ஓட்டு."

நீங்களே ஓட்டுங்களேன் என்றேன். ஓட்டிக்கொண்டே இஞ்சினைக் கேட்கத் தனக்கு வராது என்றார்.

முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருகினேன். கார் தவளை மாதிரி குதித்துக் கிளம்பியது. அப்பா முருகா என்றார். பின் சீட்டில் அவர் கண்ணை மூடிக்கொண்டு இஞ்சின் சத்தத்தைக் கேட்டார். "விடு... இப்போ." நெம்புகோல் வெண்ணெயில் இறங்குவது போல இரண்டாவது கியருக்குப் போனது. "இப்போ." மூன்றாவது. தவறாகச் சொன்னது ஒரே ஒரு தடவை. கியர் கரகரவென்று அலறியது, அவர் தன் பல்லில் அடிபட்டதுபோல முனகினார். பாயான் லெப்பாஸ் தாண்டும் வரை சிவப்பு விளக்கே படவில்லை. பட்ட இடத்தில் இஞ்சினை அணைத்து, பச்சை வந்ததும் மறுபடி தவளையாகக் குதித்தோம். பின்னால் நின்ற பஸ்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

வீட்டு வாசலில் நிறுத்தியபோது என் சட்டை நனைந்திருந்தது. அப்பா இறங்கி, கோணியைத் தூக்கிக்கொண்டு அத்தையிடம் கதை சொல்ல உள்ளே போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் காரிலேயே இருந்தோம்.

"உன் காலு நல்ல காலு," என்றார் பின் சீட்டிலிருந்து. அதைவிடப் பெரிதாக அவர் என்னைப் பாராட்டியதில்லை, எனக்கும் வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஓட்டுவது நான், கேட்பது அவர் என்றாகிவிட்டது. இரண்டாவது பிள்ளை பிறந்து, மூன்று கதவு போதாமல் போகும் வரை அந்தக் காரை வைத்திருந்தோம். தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு வாத்தியார் வாங்கிக்கொண்டார். அவர் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றியபடி எங்கள் அஞ்சடித் தெரு முனையில் திரும்பினார். என் கணவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கொஞ்சம் சீக்கிரம் மாத்திட்டாரு என்றார்.