இரவல் டி.வி.யும் பச்சைப் பட்டும்

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, ஒரு தை மாதம். மட்டாஞ்சேரியில் காயலை ஒட்டிய ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்கு நகரசபையில் வேலை. வீடு என்றால் ஒரு அறை, ஒரு அடுக்களை, ஒரு கட்டில், அவ்வளவுதான். அதற்கு முன் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், உட்காரக்கூட நாற்காலி இல்லாத வீடு என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானாவது ஒரு நாள் அழுதுவிட்டு எழுந்தேன். அம்மாவால் அதிலிருந்து மீளவே முடியவில்லை.

அதனால் ஆலுவாவிலிருந்து ஒரு வரன் வருகிறது என்றதும் அம்மா முந்திக்கொண்டாள். எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் மற்ற வீட்டுக்காரர்கள் தங்கள் சாமான்களைக் கொடுத்து அந்த வீட்டை நிரப்பிவிடுவார்கள். எதிர்வீட்டுச் சேச்சியின் கலர் டி.வி. எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தது. அது போகாத பெண் வீடே கிடையாது. பிரம்பு நாற்காலிகள், முனையில் தையல்கடை வைத்திருந்த இக்கா கொடுத்தது. கண்ணாடிக் கோப்பைகள் எந்த வீட்டுடையவை என்று எனக்கே தெரியாது.

எல்லாம் சரியாகத்தான் போனது. அப்பாதான் நல்ல நாள் என்று பௌர்ணமியைக் குறித்துக் கோட்டை விட்டுவிட்டார். அந்த மாதங்களில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் காயல் தண்ணீர் சந்துக்குள் ஏறும். பிறந்ததிலிருந்து பார்க்கிற தண்ணீர்தான். கல்யாண நினைப்பில் அது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

காலையிலேயே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. அந்த அம்மா அகலச் சரிகை போட்ட பச்சைப் பட்டு கட்டியிருந்தார். பெரிய இடம் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். நான் சாயா கொண்டுவந்து வைத்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல் எல்லோரும் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் வாசல்படி தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. அப்பா ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குவதற்குள் எதிர்வீட்டுச் சேச்சி வந்துவிட்டார்.

"அய்யோ, என்டெ டி.வி.!"

அவ்வளவுதான், குட்டு உடைந்தது. பின்னாலேயே கோப்பைக்காரர்கள் வந்தார்கள். தையல்கடை இக்கா மட்டும் வாசலில் தயங்கி நின்று, மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து, "சேட்டன் மெதுவா எழுந்தா மதி, அவசரமில்ல" என்றார். பாவம், அவருக்கும் அந்த நாற்காலிகளை விட்டால் வேறு இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் எங்கள் வீடு பழையபடி எங்கள் வீடாகிவிட்டது. அம்மா சுவரோடு சுவராக நின்றாள்.

"எல்லாம் அடுத்த வீட்டு சாமான்தான் அக்கா. இந்தக் கட்டில் மட்டும்தான் எங்களோடது" என்றாள். 

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். "ஒரு பழைய சேலை இருந்தா எடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். பட்டு நனையாமல் கிளம்பப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அம்மாவின் சாயம் போன சேலையில் வெளியே வந்தவர், பட்டை மடித்து என் கையில் கொடுத்து, "மோளே, இத மட்டும் நனையாம பிடிச்சுக்கோ" என்றார். பிறகு சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு அரிசிச் சாக்கின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை அம்மா பிடித்தாள். வெளியே பார்த்தால், பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு சேச்சியின் டி.வி.யை ஒரு பக்கம் தாங்கிப் போய்க்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. நான் அவரை நன்றாகப் பார்த்ததே அப்போதுதான்.

தண்ணீர் வடிகிற வரை எல்லோரும் அந்தக் கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

"பெண் பார்க்க வந்துட்டு இத்தனை நேரம் டி.வி.யல்லவா பார்த்துட்டிருந்தோம்!"

முதலில் சிரித்தது அம்மாதான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கல்யாணமாகி ஆலுவாவுக்குப் போன புதிதில், பக்கத்து வீட்டு அக்கா ஒரு விசேஷத்துக்குப் பட்டு கட்டிக்கொண்டு வந்தார். அதே பச்சை, அதே அகலச் சரிகை. அன்று அத்தனை நேரம் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தவள் நான், எனக்குத் தெரியாதா? திரும்பி அத்தையைப் பார்த்தேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்று எங்கள் வீட்டில் எல்லாச் சாமானும் சொந்தம்தான். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் கண் முதலில் சாமான்கள் மேல்தான் போகிறது, அதை மாற்ற முடியவில்லை. ஆனால் அத்தையின் அந்தச் சிரிப்பு உடனே ஞாபகம் வந்துவிடும். இதெல்லாம் யார் வீட்டுடையதோ என்று நினைத்துக்கொண்டு, மனிதர்களின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.