ஒரு தளத்துக்குப் போடவேண்டியதைச் சர்வர் முழுவதற்கும் போட்டுவிட்டேன்

இன்று காலை பல்லரோச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது, எங்கள் தேவாலயத்துக்கு வரும் மேரி அக்கா அழைத்தார்.

"தம்பி, இன்டர்நெட்டிலை என்ரை பேரைப் போட்டுத் தேடினால் என்ரை பெர்மெசோ படம் வருகுது. ஆர் போட்டது?"

பெர்மெசோவை, அதாவது இத்தாலிய வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க உதவி கேட்டுச் சனம் அனுப்பிய ஆவணங்களெல்லாம் எங்கள் தேவாலயப் பங்கின் இணையத்தளத்தில்தான் இருக்கின்றன. அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்வது நான்.

பக்கத்துத் தேவாலயப் படியில் அமர்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். திருவிழாப் படங்களுக்கான தனித் தளத்தை எல்லாரும் பார்க்கட்டும் என்று போன வாரம் நான் மாற்றிய அமைப்பு, அந்தத் தளத்தோடு நிற்காமல், சர்வரில் இருந்த எல்லாக் கோப்புறைகளையும் திறந்துவிட்டிருந்தது.

முழுச் சர்வரையும் நிறுத்தினேன். உடனே ஜெகன் அண்ணை அழைத்தார். ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற ஊரில் அவர் சமைக்கும் உணவகத்தின் முன்பதிவுத் தளமும் அதே சர்வரில்தான்.

"டேய், புக்கிங் வேலை செய்யேல்லை. முதலாளி கத்துறார். உடனை போடு!"

"ஏலாது அண்ணை. உங்கடை பெர்மெசோவும் அதுக்குள்ளைதான் கிடக்கு."

"அப்ப நிப்பாட்டியே வை. நான் சமாளிக்கிறன்."

கோப்புறைகளைப் பூட்டி, ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே மறுபடி இயக்கினேன். ஆனால் யாரோ ஒருவர் அதற்குள் மூன்று பேரின் ஆவணங்களை எடுத்திருந்தது சர்வரின் பதிவேட்டில் தெரிந்தது. மூவருக்கும் நானே அழைத்துச் சொன்னேன். அவர்களில் ஒருவரான மேரி அக்கா அழுதார்.

நாளை முறைப்பாடு செய்ய அவர்களுடன் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போகிறேன். 'சர்வர் முழுவதற்கும்' என்பதைப் பொலிசுக்கு இத்தாலியனில் எப்படி விளக்குவது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். திட்ட நினைப்பவர்களும் எழுதலாம்.