விளக்குச் சண்டை

முருகேசா, காமாட்சி — இந்த வாரம் நான் பெற்ற உங்கள் இருவரையும் பேர் சொல்லியே கூப்பிடுகிறேன். இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கும் மற்றப் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்களும் கிட்டே வந்து உட்காருங்கள்… வீட்டில் இடம் நிறைய இருக்கிறது.

காமாட்சி ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். நீ, முருகேசா, பட்டணத்துக் காலேஜில். பங்குனி உத்திரத்துக்கு வரமுடியாது என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினாய். காரணம் சொல்லவில்லை. காரணத்தை நானே கற்பித்துக்கொண்டேன் — தறிக்கார அப்பனோடு கோயிலுக்குப் போகக் காலேஜ் பிள்ளைக்கு வெட்கம்!

உங்கள் அம்மா இல்லாத முதல் உத்திரம். சுவாமி கல்யாணத்தை ஒற்றை ஆளாகவா நின்று பார்ப்பேன்? நேரிலேயே கேட்டுவிடுவது என்று ரயில் ஏறினேன்.

ஹாஸ்டல் கூடத்தில் ஒரே கூட்டம். நடுவில் நீயும், உன் ரூமில் இருக்கும் நெல்லூர் நரசய்யாவும். சண்டையாம்! நீ ராத்திரி முழுக்க விளக்கு வைத்துப் படிக்கிறாய் என்று அவன் விளக்கை ஒளித்துவைக்க, நீ அவன் பாயைத் தூக்கி வெளியே போட்டாயாம். நான் தூணோரம் நின்றுவிட்டேன்.

வார்டன் யார்மேல் தப்பு என்றே கேட்கவில்லை.

"அவன் கட்சியை, அவன் பக்கத்து நியாயத்தை, நீ சொல்லு. உன் கட்சியை அவன் சொல்லட்டும். எதிராளி ஆமாம்னு சொன்ன பிறகுதான் அடுத்த பேச்சு."

இது என்ன விளையாட்டு?

"நான் முன்னுக்கு வந்துடுவேன்னு இவனுக்குப் பொறாமை சார்," என்றாய்.

கூடமே சிரித்தது. "டேய், அது உன் கட்சிடா!" என்று ஒருவன் கத்தினான்.

நீ தலையைச் சொறிந்தாய். நரசய்யாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய்.

"வெளிச்சம் இருந்தா இவனுக்குத் தூக்கம் வராது. காலையில தலையைப் புடிச்சிக்கினு உட்கார்ந்திருப்பான். சொன்னா நோஞ்சான்னு கேலி பண்ணுவோம்னு சொல்லல."

"அவுனு… அதேதான்," என்றான் நரசய்யா.

பிறகு அவன் முறை. உன் பக்கம் பார்க்காமலே சொன்னான்.

"விளக்கை அணைச்சா இவனுக்கு அம்மா நினைப்பு வந்துடுது சார். படிப்பெல்லாம் சும்மா. புஸ்தகத்துல பக்கமே திரும்பாது, நான் பாத்திருக்கேன். ஊருக்கும் இதனாலதான் போகல. அங்க இவன் நைனா தனியா உட்கார்ந்து சாப்பிடறதைப் பாத்தா, அப்புறம் காலேஜுக்குத் திரும்பி வரவே மனசு வராதாம்."

நீ "ஆமாம்" என்றாய். உதடுதான் அசைந்தது.

"விளக்கு எரியட்டும் சார். என் பக்கம் ஒரு அட்டை வெச்சா போதும்," என்றான் நரசய்யா.

கூட்டம் கலைந்தபின், அப்போதுதான் வருகிறவன்போல வந்தேன்.

"நைனா! எப்ப வந்தீங்க?" என்றாய்.

"இப்பதான்பா. ஜரிகை வாங்க வந்தேன்… அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு."

"உத்திரத்துக்கு…"

"ரயில்ல கூட்டம் தாங்காது. நீ இங்கியே இரு."

இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். "எனக்கும் சேர்த்துத்தானே நைனா?" என்றான் நரசய்யா. பிழைத்துக்கொள்வான்.

பிள்ளைகளே, சண்டைக்கு எதிராளி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சமாதானத்துக்கும் எதிராளி வேண்டும் — அவன் வாயிலிருந்து ஓர் "ஆமாம்" வர வேண்டுமே!

வீடு திரும்பியதும், நீ உட்கார்ந்து சாப்பிடும் மணையை எடுத்துப் போட்டேன். எதிரே உட்கார்ந்து உன் கட்சியைச் சொல்லிப் பார்த்தேன். "முருகேசனுக்கு என்னைக் கண்டு வெட்கமில்லை. நான் தனியாக இருப்பதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை."

கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

பிறகு மணையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படுத்தேன். விளக்கை அணைக்கவில்லை.