நான்கு சென்டிமீட்டர்

காரைக்காலுக்குத் தெற்கே, பட்டினச்சேரிக்குப் போகும் வழியில் ஒரு கழிவுநீர் நிலையத்தில் எனக்கு வேலை. டேங்கர்களில் வரும் கழிவுநீரைப் பெரிய குளங்களில் விட்டு வெயிலில் வற்றவைப்பார்கள். குளத்துக்கு அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் ஷீட் இரண்டு அடுக்கு. மேல் ஷீட் கிழிந்தால் நீர் இரண்டுக்கும் நடுவே இறங்கி, கரையோரம் செருகியிருக்கும் குழாயின் அடியில் சேரும். தினமும் காலையில் அந்தக் குழாய்க்குள் குண்டு கட்டிய டேப்பை இறக்கி, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். இதற்காகத்தான் நான் வேதியியல் பட்டம் வாங்கினேன்.

வழக்கமாக நான்கு சென்டிமீட்டர் இருக்கும். ஷீட் வேர்த்துச் சேர்ந்த ஈரம் என்பார்கள். நாற்பதைத் தொட்டால் உடனே சொல்லிவிட வேண்டும். குளத்தைக் காலி செய்து ஷீட்டை ஒட்டுவார்கள்.

போன ஐப்பசி மழையில் கரை வழுக்கி விழுந்தேன். இன்னும் ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் குளத்துக்குள்தான். அந்த ஷீட்டில் சறுக்கியவன் தானாக ஏறி வர முடியாது, அவ்வளவு வழவழப்பு. மறுநாள் அறைக்குள் உட்கார்ந்தபடியே நான்கு என்று எழுதினேன். அதற்கு மறுநாளும் நான்கு. பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வராமலிருக்க நடுநடுவே ஒரு ஐந்து. மழைக்காலம் முழுக்க இப்படியே ஓடியது. சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

தை பிறந்து கரை காய்ந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். மதிலை ஒட்டியிருக்கும் இரண்டாம் குளத்தில் நாற்பத்து மூன்று. துடைத்துவிட்டு மறுபடி இறக்கினேன். அதேதான்.

உள்ளதை எழுதினால் நேற்று நான்கு, இன்று நாற்பத்து மூன்று. ஒரே நாளில் எப்படி என்று கேட்பார்கள். எத்தனை நாளாகக் கசிகிறது என்று எனக்கே தெரியாது. அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். நாங்கள் குடியிருக்கும் தலத்தெருவில் என் மனைவி அதை இரண்டு தெருவுக்குச் சொல்லி முடித்திருந்தாள்.

அன்று ஆறு என்று எழுதினேன். மறுநாள் ஒன்பது. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் கசிவு இப்போதுதான் ஆரம்பித்ததுபோல் இருக்கும். இரண்டு வாரத்தில் உண்மையைப் போய்ப் பிடித்துவிடலாம். அன்றைக்கு நானே ஓடிப்போய்ச் சொல்லி நல்ல பெயரும் வாங்கிக்கொள்ளலாம். வரப்போகும் நாட்களுக்கான எண்களை ஒரு தாளில் பென்சிலால் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் புத்திசாலியை இப்போது பார்த்தால் ஓங்கி அறைவேன். நான் இருபதுக்கு ஏறியபோது குழாயில் ஐம்பது ஆகியிருந்தது.

கேட்டுக்கு வெளியே ஒரு அக்கா டீக்கடை வைத்திருந்தார். பட்டினச்சேரிக்காரர். கடைக்குப் பின்னால், இரண்டாம் குளத்து மதிலுக்கு வெளிப்பக்கம் இருந்த கைபம்புத் தண்ணீரில்தான் டீயும் அவர் வீட்டுச் சமையலும். அடி ஷீட் நன்றாக இருந்தால் பயமில்லை. அதுவும் கிழிந்திருந்தால்? நாற்பத்து மூன்றைப் பார்த்த அன்றே அங்கே டீ குடிப்பதை நிறுத்தினேன். வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனேன். வயிறு சரியில்லை என்று அவரிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால் மதியத்துக்குள் பட்டினச்சேரி முழுக்கக் கேட்டில் வந்து நிற்கும். முதல் இரண்டு நாள் கரையில் நின்றபடி அவர் பம்பு அடிக்கும் சத்தத்தைக் கேட்டேன். என்மேலேயே அருவருப்பாக இருந்தது. கரையைச் சுற்றி நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவோம். என் யோசனையும் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் அவர் என்னை நிறுத்தினார்.

"தம்பி, வயிறு இன்னும் சரியாவலையா?"

"இல்லக்கா."

"பத்து நாளாவா?"

கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் தள்ளினேன்.

"உள்ள தண்ணிய பாக்குற ஆளு நீங்க. நீங்க என் டீய தொடாம போன மூணாம் நாளே பம்ப கட்டிப் போட்டுட்டேன். அந்தாண்ட பாருங்க."

பம்பின் கைப்பிடி வலைக்கயிற்றால் இறுகச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. பெஞ்சின் மேல் தண்ணீர்க் கேன் ஒன்று இருந்தது. பம்புச் சத்தம் நின்று ஒரு வாரம் ஆகியிருக்கிறது. கவனிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் எனக்கு அது தெரியவில்லை.

"எனக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க குடிக்காததே போதும்" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "ஆனா இந்தத் தெருவுல இன்னும் ரெண்டு பம்பு இருக்கு தம்பி. அந்த வீட்டுல எல்லாம் நீங்க டீ குடிச்சதே இல்லையே. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

உள்ளே போனேன். பென்சில் தாளில் அன்றைக்கு முப்பத்து மூன்று. குழாயில் ஐம்பத்தெட்டு. ரிஜிஸ்டரைத் திறந்து ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். இனி எல்லாம் தானாக நடக்கும், வருவது வரட்டும் என்று நின்றேன்.

சூப்பர்வைசர் வந்தார். போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எண்ணைப் பார்க்கவேயில்லை. ரிஜிஸ்டரை மூடி என் கையில் கொடுத்துவிட்டுக் கதவுவரை போய்விட்டார்.

தப்பித்தேன் என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"சார்," என்று கூப்பிட்டேன். "என்ன எழுதியிருக்கேன்னு படிச்சுப் பாத்துட்டுப் போங்க."