அனார்கான் எழுந்து நிற்காத நாள்

அனார்கான் எனக்குச் சித்தப்பா மகன் எசென்பாயின் மனைவி. எசென்பாய்க்கு மூத்தவர் ஷர்ஷென். இவர்களுக்கு நடுவே ஓர் அக்கா, கோச்கோர் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள். அந்தக் கதை இங்கே வேண்டாம். எசென்பாய் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான். மிஞ்சியது ஒரே மகன் குபாத். ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போனவன், ஊர் திரும்பிய ஒருவனிடம் கட்டைவிரல் அளவில் ஒரு பிளேயரைக் கொடுத்தனுப்பினான். அதற்குள் பாட்டு கொஞ்சம், அவன் பேச்சு நிறைய. அந்தக் குளிர்காலத்திலேயே சாரம் சரிந்து செத்துப்போனான்.

அனார்கான் அந்தப் பிளேயருக்குக் கம்பளித் துணியில் உறை தைத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று மார்போடு வைத்திருப்பாள். ஆடு மேய்க்கும்போதும் கேட்பாள், பால் கறக்கும்போதும் கேட்பாள். யார் கையிலும் கொடுக்க மாட்டாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. பக்கத்து வீட்டுத் துர்சுனாயின் மருமகன், அவளுடைய பிளேயரில் பாட்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே அதைக் கம்ப்யூட்டரிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினான். மறுபடி செருகியதும் கம்ப்யூட்டர், "ஃபார்மேட் பண்ணவா?" என்று கேட்டது. ஏதோ மரியாதைக்குக் கேட்கிறது என்று நினைத்து அவன் 'ஆமாம்' என்று அமுக்கினான். துர்சுனாயின் கல்யாணப் பாட்டெல்லாம் அழிந்து போயிற்று.

அத்-பாஷி கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த மிர்குல் அனார்கானிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

"பிளேயர்ல விளக்கு மின்னும்போது பிடுங்காதீங்கக்கா. முதல்ல கம்ப்யூட்டர்கிட்ட விடச் சொல்லணும், அது விட்ட பிறகுதான் எடுக்கணும். பேட்டரி அடிமட்டத்துல இருக்கறப்போ எதுவும் ஏத்தாதீங்க. கண்ட கம்ப்யூட்டர்லயும் சொருகாதீங்க. எல்லாத்துக்கும் மேல, ஒரு நகல் எடுத்து வச்சிருங்க."

"எடுக்கும்போது போயிட்டா?"

நகல் எடுக்காமலே அனார்கான் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பனி உருகும் மாதத்தில் பிளேயர் தடுமாறத் தொடங்கியது. அமுக்கினால் நெடுநேரம் விழிக்காது. குபாத்தின் பேச்சு பாதியில் நின்று, பிறகு தொடரும். அனார்கான் மிர்குலின் கடைக்கு ஓடினாள்.

"நகல் எடு. ஆனா கழுத்துல இருந்து கழட்ட மாட்டேன்."

ஒயர் குட்டையாக இருந்ததால், கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி போல மேசைமேல் குனிந்து உட்கார்ந்தாள். விளக்கு மின்னத் தொடங்கியது. வெளியே காற்று. மேலே பல்பு ஒருமுறை மங்கி எரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது கதவு திறந்தது. போனுக்குக் காசு ஏற்ற வந்தவர் எசென்பாயின் அண்ணன் ஷர்ஷென். விருந்தில் பெரியவருக்கு முதலில் வைக்கும் ஆட்டுத்தலையைத் தனக்கு முன் வேறொருவருக்கு வைத்தார்கள் என்று ஒரு வருஷம் அந்த வீட்டு வாசலை மிதிக்காத ஆள். மூத்தார் முன்னால் உட்கார்ந்திருந்ததாக அனார்கான் பெயரில் ஒரு சொல் கிடையாது. அவர் பெயரைக்கூட உச்சரிக்காதவள். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். அவள் முழங்காலும் தானாகவே நிமிரப் பார்த்தது. கழுத்துக் கயிறு இழுபட்டது.

"அக்கா, எந்திரிக்காதீங்க!" என்று கத்தினாள் மிர்குல்.

அனார்கான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, முழங்கால் ஒட்டிக்கிச்சா? இல்ல, நான் செத்துட்டேன்னு எவனாவது சொன்னானா?" என்றார் ஷர்ஷென்.

"மாமா, மன்னிச்சுக்குங்க." அனார்கான் குனிந்தபடியே சொன்னாள். "குபாத் பேச்சு இந்த ஒயர்ல போயிட்டிருக்கு. நான் அசைஞ்சா போயிரும்."

அவர் தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. மெல்லக் கேட்டார், "அப்ப... நான் அசையலாமா?"

"நீங்க அசையலாம் ஐயா. கதவை மட்டும் அறையாதீங்க" என்றாள் மிர்குல்.

அவர் அசையவில்லை. பல்பு இன்னொரு முறை மங்கியது. கடைசியில் மின்னுவது நின்று, பிளேயர் விளக்கு நிலையாக எரிந்தது. மிர்குல் மவுஸை நகர்த்தி எதையோ அமுக்கி, கொஞ்சம் பொறுத்து, "இப்ப எடுங்க" என்றாள்.

அனார்கானால் எழ முடியவில்லை, கால் மரத்துவிட்டது. ஷர்ஷென் கையிலிருந்த குதிரைச் சாட்டையின் கம்பை நீட்டினார். அதைப் பிடித்து எழுந்து, தலை குனிந்து வணங்கினாள்.

சரியாக வந்திருக்கிறதா என்று மிர்குல் நகலை ஒலிக்கவிட்டாள். குபாத் இருமினான். பழுப்புக் குதிரை ஈன்றதா என்று கேட்டான். அப்புறம் சிரித்தான்: "பெரியப்பா இன்னும் யார் மேலயாவது கோவமாத்தான் இருக்காரா?"

"இல்லடா" என்றார் ஷர்ஷென், கம்ப்யூட்டரைப் பார்த்து.

அனார்கான் உறையின் முடிச்சை இறுக்கினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து மிர்குலிடம் கேட்டாள்: "இந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொட மாட்டாங்கல்ல?"