அடியில்லாத பாட்டில்

அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி பேச்சி, ஏழு மாதம். பக்கத்து வீட்டு ரோசிச் சேச்சி, தலையில் வெள்ளை முக்காடு. சர்ச் பெருநாள் கமிட்டிக்காரர் வர்கீஸ் சேட்டன், வாயில் விசில். பேச்சியின் வயிற்றில் இருந்த மகளையும் சேர்த்தால் ஐந்து பேர்.

மட்டாஞ்சேரிக்கு வந்து எனக்கு அது மூன்றாவது வருஷம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவன். ஐந்தாவது வரை படிப்பு. வேலை ஆக்ரி. பழைய பாட்டில், பேப்பர், தகரம் எல்லாம் வீடு வீடாக எடுத்துத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்ப் போடுவதற்கு இங்கே அதுதான் பேர். சந்தின் கடைசியில், கால்வாய் ஓரம், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் இருந்தோம். இப்போதும் அங்கேதான். சந்தில் எல்லோருக்கும் என் குரல் தெரியும், பேர் தெரியாது. அண்ணாச்சி என்றால் நான்தான்.

பெருநாள் அன்று புண்ணியாளனை, அதாவது புனிதரின் சிலையை, தோளில் தூக்கிக்கொண்டு சர்ச்சிலிருந்து ஊர்வலம் வரும். வழியிலுள்ள வீடுகள், இந்து வீடானாலும், வாசலில் மெழுகுதிரி ஏற்றிவைக்கும். வந்த புதிதில் எனக்கு அதிசயமாக இருந்தது என்னவென்றால், மாடி வீட்டில்கூட அதற்கென்று ஒரு ஸ்டாண்டு கிடையாது. கவிழ்த்த டம்ளர், பவுடர் டப்பா மூடி, வாழைத்தண்டுத் துண்டு, செங்கல். எதில் நிற்குமோ அதில் நட்டுவைப்பார்கள். காயல் காற்று ஒரு தடவை வீசினால் பாதி அணைந்துபோகும்.

என் வண்டியில் பிராந்தி பாட்டிலுக்குப் பஞ்சமில்லை. பாட்டிலின் அடியைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்த நூலைக் கட்டிக் கொளுத்தி, நூல் எரிந்து முடிகிற நேரத்தில் தண்ணீரில் முக்கினால் அடி தனியாக விழும். விளிம்பைச் சிமெண்டுத் தரையில் தேய்க்க வேண்டும். பிறகு ஒரு கொட்டாங்கச்சி, அதில் மணல், மணலில் மெழுகுதிரி, சுற்றி மூன்று கல், கல்லின்மேல் பாட்டில். கல் முக்கியம். அடியில் காற்று போகாவிட்டால் திரி மூச்சுமுட்டிச் செத்துவிடும். அந்த வருஷம் பெருநாளுக்கு இரண்டு வாரம் முன்பு, அப்படி ஒன்று என் வாசலில் எரிவதை வர்கீஸ் சேட்டன் பார்த்துவிட்டார்.

“அண்ணாச்சி, புண்ணியாளன் இந்தக் குப்பியைக் கண்டா ஒரு பெக் கேக்கும் கேட்டோ” என்று சிரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தார். “சந்துல இருபத்தாறு வீடு. வீட்டுக்கு ரெண்டு. அம்பத்திரண்டு வேணும். பற்றுமோ?”

முடியும் என்றேன். அதுவரை யாரும் என்னிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டதில்லை. வேண்டாததைத்தான் கொடுப்பார்கள். நானே சந்தில் நடந்து வீடுகளை எண்ணினேன். இருபத்தேழு வந்தது. சேட்டன் ஒன்றைத் தவறவிட்டார் என்று நினைத்து ஐம்பத்து நான்கு செய்தேன். விரலெல்லாம் கீறல். பேச்சி மணல் சலித்தாள்.

பேச்சிக்கு அதற்குமுன் வயிற்றில் இரண்டு தங்கவில்லை. ரோசிச் சேச்சிதான் புண்ணியாளனிடம் நேர்ந்துகொள்ளச் சொன்னாள். என்ன நேர்ந்துகொள்வது என்பதைப் பேச்சி தானே முடிவு செய்தாள். சாமி நம் வாசலில் நின்றால் பிள்ளை நிற்கும். எங்கள் ஊரில் சப்பரம் தெருவுக்குள் வந்துவிட்டால் ஒரு வீட்டையும் தாண்டாது. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, திருநீறு வாங்கிய பிறகுதான் நகரும். இங்கே ஊர்வலம் எந்த வாசலிலும் நிற்காது. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பேண்டு சத்தம் வந்தது. முத்துக்குடை வந்தது. சந்து முழுக்கக் காற்று, ஒரு திரிகூட அணையவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பேச்சி தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தாள். தேங்காய்த் தட்டில் சூடத்தை ஏற்றிக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றாள்.

“மாறி நில்லு, மாறி நில்லு!” வர்கீஸ் சேட்டன் விசில் ஊதினார்.

“ஒரு நிமிசம் அண்ணே. நின்னுட்டுப் போகட்டும்.”

“இது நிங்க ஊரு தேரல்லா. பின்னாலே ஆளு வருது, கண்டில்லே?” என்று கையை நீட்டித் தட்டை ஒதுக்கினார். சூடம் ரோட்டில் விழுந்து எரிந்தது.

“வயித்துப்பிள்ளைக்காரி, வா மோளே” என்று ரோசிச் சேச்சி அவளை இழுத்துக்கொண்டாள். நான் தட்டை வாங்கிக்கொண்டேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. புண்ணியாளனின் முதுகைத்தான் பார்த்தோம்.

“நிக்கலியே” என்றாள் பேச்சி. அழவில்லை. அதற்குப்பின் இரண்டு மாதம், உட்காரும்போதும் எழும்போதும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தரையைப் பார்ப்பேன்.

பிள்ளை நின்றது. செல்வி பிறந்தாள். எங்கள் அறைக்கு வீட்டு நம்பர் இல்லை, அதனால் கமிட்டிச் சீட்டில் நாங்கள் இல்லை என்பதும் பிறகுதான் விளங்கியது. இருந்தும் வருஷா வருஷம் ஐம்பத்து நான்கு செய்கிறேன். இரண்டு எங்கள் வாசலுக்கு. பேச்சியும் தட்டோடு நிற்கிறாள். இப்போது ஓரத்தில் நிற்கிறாள். ஊருக்குப் போனால் ‘மலையாளத்தான் வந்துட்டான்’ என்கிறார்கள். இங்கே அண்ணாச்சி.

செல்விக்குப் பன்னிரண்டு வயது. மலையாளம் முத்து முத்தாக எழுதுவாள். தமிழ் பேசுவாள், ஆனால் நான் எழுதுகிற இதைப் படிக்கத் தெரியாது. வர்கீஸ் சேட்டனுக்குக் கண் மங்கிவிட்டதால் இந்த வருஷம் சீட்டு எழுதும் வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறார். பழைய சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுப் பேர்களை வரிசையாக எழுதினாள். பின்னால் நின்று பார்த்தேன். எனக்கு அந்த எழுத்து தெரியாது. “கடைசியில யார் வீடு?” என்று கேட்டேன்.

“ரோசி ஆண்ட்டி வீடு” என்றாள். அதற்குக் கீழே கோடு போட்டாள். பிறகு தலையைத் தூக்காமல், “அப்பா, அம்மாகிட்ட சொல்லு. தட்டெல்லாம் எடுத்துட்டு வெளிய வந்து நிக்க வேண்டாம். ஸ்கூல் கூட்டுக்காரியெல்லாம் பாக்கும். எனக்கு நாணக்கேடு” என்றாள்.

பேச்சி அடுப்படியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது.

“எத்தனை செய்யணும்?” என்று செல்வியிடம் கேட்டேன்.

பேர்களின்மேல் விரலை வைத்து எண்ணினாள். இரண்டால் பெருக்கிச் சொன்னாள்.

ஐம்பத்திரண்டு.