அத்தையை மலையிறக்கிய ஜீப்

எங்கள் ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கம்பி இருந்தது. அதை இழுத்தால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் என்று விற்றவர் சொல்லியிருந்தாராம். அதியமான்கோட்டையிலிருந்து தருமபுரி சந்தைக்குத் தக்காளிக் கூடை ஏற்றிப்போக நான்கு சக்கரமும் எதற்கு? வாங்கி வெகுநாள் ஆகியும் அப்பா அதைத் தொட்டதில்லை. அம்மா அதில் சாப்பாட்டுப் பையை மாட்டிவைப்பாள்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், பொங்கல் முடிந்த கையோடு, அப்பா ஒருநாள் அந்தப் பையை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்து இழுத்தார். அது அசையவே இல்லை. துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது.

"இத சரி பண்ணணும். மலைக்குப் போகணும்" என்றார்.

மலையில் இருந்தது அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. மாமா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். மேலே போக ரோடு கிடையாது. ஆட்கள் நடக்கும் பாதை ஒன்று. எந்தக் காலத்திலோ மரம் ஏற்றுவதற்குப் போட்டு, மழையில் அரித்துப்போன லாரித் தடம் ஒன்று. நோயாளிகளை மூங்கிலில் கம்பளி கட்டித் தூளியாக்கி, ஆட்கள் தோளில் தூக்கி இறக்குவார்கள்.

அத்தை அப்போது உண்டாகியிருந்தாள். கடைசி இரண்டு மாதமும் டவுனிலேயே இருக்க வேண்டும், நடக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் அத்தை, செத்தாலும் தூளியில் ஏற மாட்டேன் என்று மாமாவிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். வாத்தியார் சம்சாரத்துக்குத் தூளியில் போவது கௌரவக் குறைச்சலாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேழ்வரகு மூட்டைபோல யாராவது என்னைத் தூக்கிப்போனால் நானும்தான் சம்மதிக்க மாட்டேன்.

டவுனில் பட்டறை வைத்திருந்த பாய், அப்பாவுக்கு நெடுநாள் சிநேகிதர். ஜீப் அவரிடம் போயிற்று. எண்ணெயில் ஊறவைத்துத் தட்டித் தட்டி அந்தக் கம்பியை அசைய வைத்தார்கள். வழுக்கையாகிப்போன டயர்களைக் கழற்றி, டிராக்டர் டயர்போல ஆழமாகப் பள்ளம் விழுந்த டயர்களை மாட்டினார்கள். அதன் பிறகுதான் தகராறு வந்தது. பின்பக்க ஸ்பிரிங்கில் அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளில் ஒன்றைக் கழற்றிவிடச் சொன்னார் அப்பா.

"மலைக்குப் போறவங்க பட்டை சேக்கச் சொல்லுவாங்க. நீங்க கழட்டச் சொல்றீங்களே?" என்று பாய் சிரித்தார்.

"வண்டி தாங்கறது இருக்கட்டும் பாய். உள்ள படுத்திருக்கறவங்க தாங்கணும்."

பாயின் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்பேனரை எடுத்தார்.

வீட்டுக்கு வந்த ஜீப்பை அப்பா மேலும் பிரித்தார். பாறையில் இடிக்கும் என்று ஏறுவதற்கான படிக்கட்டைக் கழற்றி எறிந்தார். "அவ எப்படி ஏறுவா? பறந்து போயா?" என்று அம்மா கேட்டதும், சமையல்கட்டு முக்காலி வண்டிச் சாமானோடு சேர்ந்தது. பின்னால் எதிரெதிராக இருந்த இரண்டு சீட்டையும் எடுத்துவிட்டுத் தேங்காய்நார் மெத்தையை இரண்டாக மடித்துப் போட்டார்.

வண்டியைச் சோதிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஏரியின் மேற்குப் பக்கம் தண்ணீர் வற்றி, மாடுகள் மிதித்த குழிகள் காய்ந்து கிடந்தன. மெத்தையின் மேல் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய குடத்தை வைத்து, பக்கத்தில் என்னை உட்காரவைத்து, அப்பா அந்தக் குழிகளின் மேல் ஓட்டுவார். ஒரு சுற்று முடிந்ததும் திரும்பிப் பார்த்து, "எவ்வளவு சிந்துச்சு?" என்பார். முதல் நாள் குடத்தில் இருந்ததைவிட என் பாவாடையில்தான் தண்ணீர் அதிகம் இருந்தது. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குவார், மறுபடி சுற்றுவார். இன்னும் கொஞ்சம் இறக்குவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதுதான் வேலை. ஊர்ப் பிள்ளைகள் கரையில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு ராணி ஊர்வலம் போவதுபோல நான் கையசைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒருநாள் ஒரு கை அளவு தண்ணீர்தான் சிந்தியது. அப்பா பெருமையோடு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கொடத்துக்கு என்னங்க தெரியும்? அதுக்கு இடுப்பு வலிக்குமா?" என்றாள் அம்மா. குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தானே ஏறிப் படுத்துக்கொண்டாள். "இப்ப ஓட்டுங்க."

ஏரிக்குள் ஒரு முழுச் சுற்று. அம்மா எழுந்து உட்கார்ந்து கலைந்த தலையை முடிந்துகொண்டே தீர்ப்புச் சொன்னாள். பள்ளத்தில் இறங்கும்போது சரி, ஏறும்போது அவசரம். முதுகுக்கு மெத்தை போதும், விலாவுக்குத் தலையணை வேண்டும். கையால் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அப்பா மேல்கம்பியில் கயிற்றால் இரண்டு வளையங்கள் கட்டினார். அம்மா மறுபடி படுத்துப் பார்த்தாள். அன்று பொழுது சாயும்வரை இருவரும் ஏரிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே அம்மா சிரிக்கும் சத்தம் கரைவரை கேட்டது. எனக்கு வேலை போய்விட்ட வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கிளம்பினோம். கண்ணாடியில் அம்மா ஜெபமாலை மாட்டியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார். "ரெண்டும் இருக்கட்டும்" என்று அப்பா வண்டியை எடுத்தார். கடப்பாரை, மண்வெட்டி, பலகைகள், கயிறு, காற்றடிக்கும் கால்பம்பு, தண்ணீர் கேன், எல்லாவற்றுக்கும் நடுவில் நான்.

அடிவாரத்தில் டயர்க் காற்றை இறக்கிவிட்டு ஏற ஆரம்பித்தோம். முதல் ஓடையிலேயே பின்சக்கரங்கள் மணலில் சுழன்று புதையத் தொடங்கின. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பா அந்தக் குட்டைக் கம்பியை இழுத்தார். ஜீப் ஒருமுறை முனகியது. முன்சக்கரங்கள் எதிர்க்கரையின் கல்லைப் பற்றிக்கொள்ள, எருமை குளத்திலிருந்து கரையேறுவதுபோல, வண்டி நிதானமாக மேலே ஏறியது. அப்பா கூவினார். நானும் கூவினேன்.

மேலே ஊரே கூடிவிட்டது. அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து ஜீப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். மெத்தையை அழுத்திப் பார்த்தாள். கயிற்று வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"இது யாரு யோசனை?"

"உங்க அண்ணிதான்" என்றார் அப்பா.

அத்தை முக்காலியில் கால் வைத்து ஏறிப் படுத்தாள். இறங்கும்போது மாமா முன்னால் நடந்து கற்களைப் புரட்டிப் போட்டுக்கொண்டே வந்தார். அப்பா அவருக்குப் பின்னால் மாட்டுவண்டியைவிட மெதுவாக ஓட்டினார்.

பாதி மலை இறங்கிய இடத்தில் நடைபாதை லாரித் தடத்தோடு வந்து சேர்கிறது. அங்கே பெரிய அத்தி மரம் ஒன்று இருந்தது. "இங்க நிறுத்துண்ணா" என்றாள் அத்தை. என்னை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு எல்லோரும் இறங்கினார்கள். மரத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு கற்குவியல். அம்மா முக்காலியை அங்கே கொண்டுபோய்ப் போட, அத்தை உட்கார்ந்தாள். மாமா குனிந்து கற்களுக்கிடையில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினார். அப்பா மட்டும் அங்கே போகாமல், பானெட்டைத் திறந்துவைத்து அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா ஆச்சு?"

"வண்டி சூடாயிடுச்சு கண்ணு. கொஞ்சம் ஆறட்டும்."

பிறகு ஒரு தடங்கலும் இல்லை. தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றடித்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். அத்தை எங்கள் வீட்டிலேயே தங்கினாள். பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. அவள் அழுத அழுகையில் வார்டில் இருந்த மற்ற குழந்தைகளும் விழித்துக்கொண்டன என்று அம்மா சொல்வாள்.

நான் முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் அம்மா மற்றதைச் சொன்னாள். அதற்கு முந்தைய முறை அத்தையைத் தூளியில் இறக்கிக் கொண்டுவந்தபோது, அந்த அத்தி மரத்தடியில்தான் குழந்தை பிறந்திருக்கிறது. அழவில்லை. அங்கேயே புதைத்துவிட்டு மிச்ச மலையை இறங்கியிருக்கிறார்கள். தூளியின் முன்பக்க மூங்கிலைத் தோளில் சுமந்தவர்களில் அப்பாவும் ஒருவர்.

எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் ஜீப் சூடாகிவிட்டது என்பதுதான். மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். நான்கு சக்கரமும் இழுக்கிற எங்கள் ஜீப் மலையேறும்போது சிங்கம், இறங்கும்போது மட்டும் சூடாகிப் பாதியில் நின்றுவிடும் என்று. செய்தி ஊர் முழுக்கப் பரவியது. டீக்கடையில் அப்பாவைப் பார்த்தவர்கள், "என்னங்க, எறக்கத்துல சூடாகற வண்டி ஒலகத்துலயே உங்களுதுதானாம்?" என்று கேலி செய்தார்கள். அந்த ஜீப்பை யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் சண்டைக்குப் போகிறவர் அப்பா. கூடப் போயிருந்த நான் பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாங்க. கொஞ்சம் சூடாவும்" என்றார். என் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவந்தார். ரேடியேட்டரை ஏன் இன்னும் மாற்றவில்லை என்று வழியெல்லாம் நான் அவரை நச்சரித்துக்கொண்டே வந்தேன்.